ஆற்றோரப் பாதை என்று சொன்னாள்

என் கணவரின் தங்கை சென்னையை விட்டு வந்து மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் குடியேறியதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லாமல் போயிற்று. ஒரு ஞாயிறு முழுக்க மொட்டை மாடிக்கு மண் சுமந்தோம், தோட்டம் போட. இன்னொரு ஞாயிறு வீட்டிலிருந்து சீனியையும் மைதாவையும் ஒழித்துக் கட்டினோம். அடுத்த வாரம் தியானம். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. சென்னையில் ஒரு மருத்துவமனை லேபில் பல வருஷம் வேலை பார்த்தவள். கல்யாணம் ஒத்துவராமல் போய், பெட்டியோடு வந்து சேர்ந்துவிட்டாள். இங்கேயும் ஒரு லேபில் வேலை கிடைத்துவிட்டது. கல்யாணம் முறிந்ததைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, அவளும் பேசுவதில்லை. பேசாத நேரத்தையெல்லாம் எங்களைத் திருத்துவதற்குப் பயன்படுத்தினாள்.

கடைசியில் சைக்கிள் வந்தது. ஆட்டுக்கிடாவின் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், பெருவிரல் தடிமன்கூட இல்லாத டயர். வீட்டுக்கு யார் வந்தாலும், சிலிண்டர் போட வருகிறவர் உட்பட, அதை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுவாள். "பாத்தீங்களா, வெயிட்டே இல்ல." சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன சொல்வார்? "நல்லாருக்கும்மா" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து போனில் வீடியோ காட்ட ஆரம்பித்தாள். ஏதோ ஒரு வெளிநாடு. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் புல்வெளி, நடுவில் துடைத்துவிட்ட மாதிரி ஒரு பாதை. தலைக்கவசம் போட்ட ஆணும் பெண்ணும் சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்துப் போகிறார்கள். ஒரு நாய்கூடக் குறுக்கே வரவில்லை.

"வைகையைப் பிடிச்சுக்கிட்டே கிழக்க போனா கடலுக்குப் போயிரலாம் மதினி. ரெண்டு நாள். நடுவுல பரமக்குடியில தங்கிக்கலாம்."

நான் தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். வாரம் முழுக்க உட்கார்ந்து, நிமிர்ந்து, பதில் சொல்லி, ஞாயிறன்று மாவு ஆட்டி, துணி துவைத்து, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டால்தான் திங்கட்கிழமை மனுஷியாக எழுந்திருக்க முடியும். கடலுக்கு வர மாட்டேன் என்று தீர்மானமாகச் சொன்னேன். பரமக்குடி வரை? மாட்டேன். மானாமதுரை? முடியவே முடியாது. அப்படியானால் மேற்கே, சோழவந்தான் வரை, தென்கரை வழியாகப் போய் வடகரை வழியாகத் திரும்பி வந்துவிடலாம், வழியெல்லாம் தோப்பும் வயலுமாக இருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்போம் என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். கடலில் ஆரம்பித்து சோழவந்தானுக்கு இறக்கிவிட்டதில் எனக்கு ஏதோ பேரத்தில் ஜெயித்த மாதிரி இருந்தது. அவள் முதலிலிருந்தே சோழவந்தானைத்தான் மனதில் வைத்திருந்தாள் என்பது பிறகுதான் உறைத்தது.

எனக்கு எது சைக்கிள்? என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிள். அவள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது. அதைத் தூக்க ரெண்டு பேர் வேண்டும். முன்னால் கூடை, பின்னால் கேரியர். காற்றடித்து எண்ணெய் விட்டதும் ஓடியது. ஓடியது என்றால், சத்தத்தோடு ஓடியது.

என் கணவர் செல்லூரில் தறி மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். பதறுவதில் எங்கள் குடும்பத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாசலில் நின்று, "போன்ல சார்ஜ் இருக்கா? ஓட்டும்போது பேசக் கூடாது. ஓரமாப் போங்க. லாரி வந்தா இறங்கி நின்னுக்கங்க" என்று தெருமுனை வரை கூடவே நடந்து வந்தார்.

விடிந்தும் விடியாத நேரம். வைகைப் பாலத்தைக் கடந்து ஆரப்பாளையம் பக்கம் இறங்கினோம். பேருந்து நிலையம் அதற்குள் விழித்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் நின்றவர்களில் ஒருவர், "என்னக்கா, வண்டில பெட்ரோல் இல்லையா?" என்றார். சைக்கிளுக்கு எதற்கு பெட்ரோல் என்று நான் யோசிப்பதற்குள், இன்னொருவர், "வண்டிய வித்துட்டாகளோ என்னமோ" என்று அவருக்கே பதில் சொல்லிவிட்டார். கோச்சடை தாண்டுவதற்குள் கேன்வாஸ் ஷூ போட்டு நடைப்பயிற்சி போன ஒருவர் எங்களோடு கொஞ்ச தூரம் ஓடியே வந்தார்.

"சுகர் எம்புட்டு இருக்கு?"

"எனக்குச் சுகர் இல்லைங்க."

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக. விடாம ஓட்டுங்க."

நாத்தனார் முன்னால் பறந்துகொண்டிருந்தாள். அவள் ஒரு மிதி மிதித்தால் நான் நாலு மிதி மிதிக்க வேண்டும். அவ்வப்போது நின்று, திரும்பிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டுவாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய்ச் சேர்ந்ததும் மறுபடி பறந்துவிடுவாள். ஓய்வெடுத்தவள் அவள், ஓடி வந்தவள் நான். இப்படியே துவரிமான் வரை போனோம்.

துவரிமானைத் தாண்டியதும் அவள் சாலையை விட்டு இறங்கினாள். "இங்கருந்து ஆத்தோரமா ஒரு பாதை இருக்கு மதினி. மேப்ல பாருங்க, ரெண்டு பக்கமும் பச்சைப் பசேல்னு இருக்கு."

இருந்தது. பச்சைப் பசேல் என்றுதான் இருந்தது. அம்புட்டும் சீமைக்கருவேல மரம். முதலில் ஒரு வண்டித்தடம், பிறகு ஆடு போகிற தடம், பிறகு தடமே இல்லை. ஒரு பக்கம் மணல் அள்ளிய பள்ளம், அதில் தேங்கிய தண்ணீர், அதன் மேல் யாரோ கொட்டிவிட்டுப் போன கட்டட இடிபாடு. எங்கேயோ நடுவில் ஆறு இருந்திருக்கும். என் துப்பட்டாவை ஒரு கிளை பிடித்து இழுத்தது. நான் விடுவித்துக்கொள்வதற்குள் இன்னொரு கிளை கையைக் கீறியது. போன் மட்டும், "நேராகச் செல்லவும்" என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நேராக ஒரு எருமை படுத்திருந்தது.

"திரும்பிருவோமா?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் மதினி. அங்கிட்டு நல்லாருக்கும்."

அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் அவள் டயர் ரெண்டும் போயின. முன்னால் இருப்பதில் மூன்று முள், பின்னால் இருப்பதில் எண்ணவில்லை. என் சைக்கிள் டயரிலும் முள் ஏறித்தான் இருந்தது. அதற்கு அது தெரியவில்லை. அவள் பதறாமல் பையைத் திறந்து பம்ப், ஒட்டுத் துண்டுகள், டயரைக் கழற்றுகிற சிறிய இரும்புப் பட்டைகள் எல்லாவற்றையும் துண்டு விரித்துப் பரப்பினாள். எல்லாம் இருந்தது. ஒட்டுகிற பசை மட்டும் ட்யூபுக்குள் காய்ந்து கல்லாகியிருந்தது.

அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"சாலைக்கு ஏறிட்டா பஞ்சர் கடை இருக்கும்" என்றாள்.

தள்ளிக்கொண்டு மேலே ஏறினோம். மேலக்கால் சாலையில் இருந்த முதல் பஞ்சர் கடை பூட்டிக் கிடந்தது. ரெண்டாவது கடைக்காரர் அவள் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, "நமக்கு லாரி, டிராக்டர் மட்டுந்தான்" என்றார். வெயில் ஏறிவிட்டது. தலைமுடியில் கருவேல இலை, கையில் ரத்தக் கீறல், முட்டி வரை சேறு. இந்தக் கோலத்தில் ரெண்டு பொம்பளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற காட்சியைத்தான் என் கணவரின் சித்தப்பா தன் மொபெட்டில் எதிரே வந்தபோது பார்த்தார்.

அவருக்குத் தென்கரை என்கிற ஊரில் வீடும் தோப்பும். நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். மொபெட்டைச் சாலை நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

"என்னத்தா ஆச்சு? எந்த வண்டிக்காரன் இடிச்சான்?"

"யாரும் இடிக்கல சித்தப்பா. பஞ்சர்" என்றாள் நாத்தனார்.

"சைக்கிளு ஏது? யாரு வீட்டுச் சைக்கிளு? எங்க போறீக?"

"சும்மாதான் சித்தப்பா. ஆத்தோரமா ஒரு ரவுண்டு."

"சும்மாவா?" அந்தச் சொல் அவர் வாய்க்குள் போய் வெளியே வர நேரமாயிற்று. அவ்வளவு தூரத்திலிருந்து சைக்கிளில் சும்மா யாரும் வர மாட்டார்கள் என்று அவருக்கு நிச்சயம். வீட்டில் சண்டையா, கடன்காரன் வந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டானா, எதையோ மறைக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார். நாங்கள் பார்க்கப் பார்க்கவே போனை எடுத்து, நாலடி தள்ளிப் போய், குரலைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிறபடி பேசினார். "தம்பி... ஆமா, ரெண்டு பேரும்தான்... ரத்தமெல்லாம் இருக்கு... நீ பதறாத, பதறாம உடனே வா."

நான் போனைப் பிடுங்கப் போனேன். அதற்குள் வைத்துவிட்டார். திரும்ப என் கணவரை அழைத்தால், அவர் லைன் பிஸி. அவர் தன் பங்குக்கு யாரையெல்லாம் அழைத்துக்கொண்டிருந்தாரோ. கொஞ்ச நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து மகள் அழைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, எந்த ஆஸ்பத்திரி?"

சின்ன மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சின்ன அத்தை கீறலுக்கு மஞ்சள் வைத்தார், முகம் கழுவத் தண்ணீர் தந்தார், இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றினார். மாமா யாரையோ அனுப்பிப் பஞ்சர் பசை வாங்கி வரச் சொன்னார். நாத்தனார் வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். சுற்றிலும் தெருவே கூடி நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நானோ, யாராவது கேட்டால் அவளைப் பற்றி ஒரு மணி நேரம் குறை சொல்லத் தயாராக இருந்தேன்.

அடுப்படியில் சின்ன அத்தை என் தட்டில் நாலாவது இட்லியை வைத்தபடி, ரொம்பப் பிரியமாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"அவதான் அத்துக்கிட்டு வந்துட்டா, கேக்க ஆளில்ல. நீ குடும்பத்துல இருக்கவ. அவ பின்னாடி நீயும் ரோட்டுல சுத்தலாமாத்தா?"

காலையிலிருந்து நானே மனதுக்குள் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். முள்ளில் மாட்டியபோது இதைவிட மோசமாகவே நினைத்தேன். ஆனால் அதையே இன்னொருத்தர் வாயிலிருந்து, அதுவும் சட்னி ஊற்றிக்கொண்டே கேட்டபோது, எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

"அவ என்னத்த பண்ணிட்டா? சைக்கிள்தான ஓட்டுறா."

"அதுக்கில்ல..."

"அவ என்னைய கூட்டியாரல அத்தை. நான்தான் அவளக் கூட்டியாந்தேன். கடல் வரைக்கும் சைக்கிள்ல போகணும்னு சொன்னதே நான்தான். இது அதுக்குப் பழகிப் பாக்க."

எங்கிருந்து அந்தப் பொய் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சின்ன அத்தை கரண்டியோடு அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால், அடுப்படி நிலைப்படியில், கை நிறையக் கறுப்பு எண்ணெயோடு நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். சோப்பு கேட்க வந்திருக்கிறாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. "சித்தி, சோப்பு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு குட்டியானை வந்து நின்றது. பட்டறைக்கு மோட்டார் ஏற்றி வருகிற அதே சின்ன லாரி. டிரைவர் பக்கத்திலிருந்து என் கணவர் குதித்து ஓடி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார், தங்கையை மேலும் கீழும் பார்த்தார். ரெண்டு பேரும் முழுசாக இருக்கிறோம் என்று தெரிந்ததும் கத்த ஆரம்பித்தார்.

"என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீக ரெண்டு பேரும்? ஆத்துக்குள்ள யாராச்சும் சைக்கிள் ஓட்டுவாகளா? ஏறுங்க வண்டில. சைக்கிளையும் ஏத்து."

"அண்ணே, பஞ்சர் ஒட்டியாச்சு. நாங்க ஓட்டியே வாரோம்."

"ஒண்ணும் வேணாம். ஏறு!"

"நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று நான் கேட்டேன். "யாரு உங்கள வரச் சொன்னா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? புள்ளைய வேற அழ வச்சிருக்கீங்க."

"ரத்தம்னு சொன்னா வராம இருப்பாகளா?"

இந்தச் சண்டை வாசலில் நடந்துகொண்டிருக்க, பின்னால் வேறொரு வேலை நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. மதுரைக்கு ஒரு வண்டி சும்மா போகிறது என்றதும் சின்ன மாமாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தேங்காய் மூட்டைகளை ஏற்றியிருந்தார். அதன் மேல் ரெண்டு வாழைத்தார், ஒரு அரிசி மூட்டை, விறகுக்கு ஆகும் என்று தென்னை மட்டைக் கட்டு. நாங்கள் சமையல் எரிவாயுவில் சமைப்பது அவருக்குத் தெரியும். என் கணவர் என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, வைக்க இடமில்லை.

"இறக்குங்க சித்தப்பா."

"ஏத்துனத இறக்கக் கூடாது தம்பி. நல்லாருக்காது."

டிரைவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "அண்ணே, கிளம்புவோமா? எனக்கு மத்தியானம் வேற லோடு இருக்கு" என்றார்.

ஆக, எங்களை மீட்க வந்த வண்டி தேங்காயை மீட்டுக்கொண்டு புறப்பட்டது. நாங்கள் சைக்கிளில் ஏறினோம். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் கணவர், "நீங்க முன்னாடி போங்க, நாங்க பின்னாடியே பாத்துக்கிட்டு வாரோம்" என்றார்.

ஆற்றுப் பாலத்தைக் கடந்து சோழவந்தானுக்குள் நுழைந்தது எங்கள் ஊர்வலம். முன்னால் நாத்தனார், நடுவில் நான், பின்னால் சைக்கிள் வேகத்தில் உறுமிக்கொண்டு குட்டியானை, நாலு பக்கமும் மினுக்கும் மஞ்சள் விளக்கோடு. அதற்குப் பின்னால் ஒரு பேருந்து, ரெண்டு டிராக்டர், ஏகப்பட்ட பைக். என் கணவர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, "ஓரம்! ஓரம்! பள்ளம் இருக்கு!" என்று கத்திக்கொண்டு வந்தார். பேருந்து முந்தும்போது கண்டக்டர் எட்டிப் பார்த்து, "யாருண்ணே, எலெக்சன்ல நிக்கிறாகளா?" என்றார். கடைவீதியில் ஒரு பெண் என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டதை நான் பார்த்தேன். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மிதிப்பதற்கு மட்டும் அது நல்லதாகப் போயிற்று.

சோழவந்தானைத் தாண்டி ஒரு ரயில்வே கேட். நாங்கள் தண்டவாளத்தைக் கடந்து அந்தப் பக்கம் ஏறிய கொஞ்ச நேரத்தில் மணி அடித்து, கேட் இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். கம்பத்துக்கு அந்தப் பக்கம் குட்டியானை நின்றுகொண்டிருந்தது. என் கணவர் இறங்கி, ரெண்டு கையையும் ஆட்டி, நில்லுங்கள் என்று சைகை காட்டினார். சரக்கு ரயில் ஒன்று வந்து அவரை மறைத்தது. பெட்டி பெட்டியாக, முடிகிற மாதிரியே இல்லை.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் மிதித்தோம்.

தேனூர்ப் பக்கம் போகிற அந்தச் சாலையை நான் எத்தனையோ தடவை பேருந்தில் கடந்திருக்கிறேன். இப்படி இருக்கும் என்று தெரியாது. ரெண்டு பக்கமும் நாற்று ஊன்றி ஒரு மாதமாகியிருந்த வயல், வாய்க்கால் நிறையத் தண்ணீர், தென்னைக்கு நடுவில் நாகமலை நீளமாகப் படுத்துக் கிடந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கூடைக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நாத்தனார் முதல் தடவையாக என் வேகத்துக்கு இறங்கி, பக்கத்திலேயே வந்தாள்.

"மதினி, கடல் வரைக்கும் போகணும்னு சொன்னது நீங்கதான்னு கேள்விப்பட்டேன்."

"வாய மூடிக்கிட்டு ஓட்டு."

"சித்தி கிட்ட சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னீங்களே. இனி நாம போகாட்டி சித்தி என்ன நெனப்பாங்க?"

"உனக்காகத்தான் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றேன்.

அவள் சிரித்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, முன்னால் பார்த்துக்கொண்டே, "சித்தி மட்டுமா மதினி, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நேரா யாரும் சொல்ல மாட்டாங்க, அதான் பதிலும் சொல்ல முடியல" என்றாள். "சரி, வேகமா மிதி. உங்கண்ணே வந்துருவாரு" என்றேன். அவள் கியரை மாற்றினாள்.

சமயநல்லூரில் நெடுஞ்சாலையைப் பிடித்து, லாரிகளின் காற்றில் தள்ளாடி, பரவை வழியாக வீடு வந்து சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. என் கணவர் வந்து சேர இன்னும் ரொம்ப நேரமாயிற்று. கேட் திறந்ததும் எங்களைப் பிடிக்கிற அவசரத்தில் வேறு பாதையில் திரும்பி வாடிப்பட்டி வரை போய்விட்டார்களாம். டிரைவரின் மத்தியான லோடு போய்விட்டது. அவர் எங்கள் வாசலில் நின்று யாரையோ போனில் சமாதானம் செய்துகொண்டிருந்தார்.

"ஏன் போனை எடுக்கல?" என்றார் என் கணவர். பசியில் குரலே வரவில்லை.

"ஓட்டும்போது போன் பேசக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"உசுரே போயிருச்சு எனக்கு."

"எனக்கும்தான். காலையிலருந்து ஒவ்வொருத்தரா என் உசுர எடுத்துட்டீங்க."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளையும் விடவில்லை. ஆற்றோரப் பாதை, பச்சைப் பசேல், காய்ந்துபோன பசை என்று ஆரம்பித்து, மொட்டை மாடி மண் வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அண்ணனும் தங்கையும் சுவர் ஓரமாக, ஒரே மாதிரி தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கடைசியில், லாரியில் இருப்பதை ரெண்டு பேருமே இறக்கி மாடிக்குக் கொண்டுபோக வேண்டும், என்னை ஒரு மணி நேரத்துக்கு யாரும் எழுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கூடத்துத் தரையில் மின்விசிறிக்கு நேராகப் படுத்துவிட்டேன். உட்காருவது என்பது அன்றைக்கு முடிகிற காரியமாக இல்லை.

தலைக்கு மேல் படியில் ஏறி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மூட்டை அவிழ்ந்து, தேங்காய்கள் படிப்படியாக உருண்டு வந்தன. ஒன்று என் காலருகே வந்து நின்றது. நான் கண்ணைத் திறக்கவில்லை.